வெளிச்சத்துக்கு முந்திய இரண்டு மணித்தியாலம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடி என் மகள் மதுராவின் உள்ளங்கையில் மூன்று குளிசைகளை வைத்தேன். "கெதியாய் விழுங்கு பிள்ளை, பஸ் போயிடும்" என்றேன். அவள் பாணைக் கடித்துக்கொண்டே விழுங்கினாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அதனோடு இரண்டு மணித்தியாலத்தைக் கூட்டினால் ஒன்பது பத்து. கணக்குச் சரியாக வந்ததில் எனக்குச் சந்தோஷம்.

எல்லாம் பிழைக்கத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான்.

நேரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அது அக்காவின் பழக்கம். இன்று அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டியது ஒரே தம்பியாகிய என் கடமை. ஆனால் ஏழு வருடங்களுக்கு முந்திய அந்தக் காலையை விட்டுவிட்டு அதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் சொல்லாததற்குக் காரணம் பெருந்தன்மை. நான் சொல்லாததற்குக் காரணம் வெட்கம்.

அக்கா பிறந்தது அளவெட்டியில். எனக்கும் அவருக்கும் பதினாறு வயது இடைவெளி. எனக்கு ஐந்து வயதில் ஐயா காலமானார். அடுத்த வருடமே அம்மாவும் போய்விட்டார். அக்காவுக்கு அப்போதுதான் கொழும்பு டெலிபோன் எக்சேஞ்சில் வேலை கிடைத்திருந்தது. ஒரு கையில் தகரப் பெட்டியும் மறுகையில் நானுமாக அவர் யாழ்தேவி ரயிலில் ஏறினார். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தார். கடைசிவரை அந்த வீட்டை விட்டு அவர் நிரந்தரமாகப் போகவில்லை. தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது மட்டும் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார். மூன்று மாதத்தில் திரும்பி வந்து, கரி பிடித்த சுவருக்குத் தானே வெள்ளையடித்து, மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்.

அவர் பார்த்தது ட்ரங் கோல் இணைக்கும் வேலை. இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ பதுளைக்கோ கதைக்க வேண்டுமானால் முதலில் அக்காவைப் போன்ற ஒருவரிடம் சொல்ல வேண்டும். அவர் அந்தப் பக்கத்து ஆளைப் பிடித்து, லைன் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே இந்தப் பக்கத்தைக் கதைக்க விடுவார். மூன்று நிமிடம் ஆனதும் இடையில் புகுந்து, "மூண்டு நிமிசம் முடிஞ்சுது, தொடருறீங்களோ?" என்று கேட்பார். முப்பத்தாறு வருடங்கள் மூன்று மொழிகளில் இதைக் கேட்டவர் அக்கா. குரலை வைத்தே ஆளை எடைபோடுவார். "கோவமாக் கத்துற ஆக்களில முக்கால்வாசிப் பேர் பயந்த ஆக்கள், தம்பி" என்பார்.

கலியாணம் பேசி வந்தவர்களை "லைன் பிசி" என்று சொல்லி அனுப்பினார். பிறகு, "இனி லைனே இல்லை" என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதால் நாங்களும் சிரித்தோம். அவர் லைனில் அவ்வளவு காலமும் இருந்தவன் நான்தான் என்பது, எனக்குப் படிப்பு முடிந்து, உத்தியோகம் கிடைத்து, கலியாணமும் ஆன பிறகுதான் உறைத்தது.

யுத்தம் வந்து யாழ்ப்பாணத்துத் தொடர்பு அறுந்தபோது, நாள் முழுவதும் "யாழ்ப்பாணம் லைன் இல்லை" என்று சொல்வதே அக்காவின் வேலையாயிற்று. சிலர் அழுவார்கள், சிலர் ஏசுவார்கள்.

அக்கா ஓய்வு பெற்ற மறுவருடம் மதுராவின் தொடையிலும் முதுகிலும் வெளிறிய திட்டுக்கள் தெரிந்தன. அவளுக்குப் பன்னிரண்டு வயது. தேமல் என்றார்கள். களிம்பு பூசினோம். போகவில்லை. வெண்குட்டமாக்கும் என்று ஒருவர் சொல்ல, என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. இரண்டு வருடங்கள் இப்படியே போயின. கடைசியில் தோல் டொக்டர் ஒரு சிறு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் என்னையும் அக்காவையும் இருத்தி வைத்துச் சொன்னார். இரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கட்டுமீறித் தோலில் குடியேறிப் பெருகுகிறது. இது தோலில் தெரியும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்.

அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு டொக்டர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. அக்கா மட்டும் தன் கைப்பையிலிருந்து சிறு கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் எனக்கு வாசித்துக் காட்டினார். "மெல்லமாத்தான் வளருமாம். நேரத்தோட பிடிச்சிருக்கினம். வைத்தியம் இருக்குது. நீ கடைசி வரியைக் கேக்காமல் நடுவில நிண்டிட்டாய்."

வைத்தியம் இதுதான். ஒருவகைக் குளிசை. அதை விழுங்கி இரண்டு மணித்தியாலத்தில் அந்த மருந்து தோல் முழுவதும் பரவிவிடும். அதற்குப் பின் நோயாளியை அலுமாரி போன்ற ஒரு பெட்டிக்குள் நிற்க வைத்து, சுற்றிவர உள்ள நீளமான குழாய் விளக்குகளிலிருந்து ஒருவகைப் புறஊதாக் கதிரைச் சில நிமிடங்கள் பாய்ச்சுவார்கள். கதிர் பட்டதும் மருந்து விழித்துக்கொண்டு அந்தக் கெட்ட அணுக்களை அழிக்கும். மருந்து மட்டும் ஒன்றும் செய்யாது. கதிர் மட்டும் போதாது. "டெலிபோன் மாதிரித்தான்" என்று அக்கா மதுராவுக்கு விளக்கினார். "ரெண்டு பக்கமும் எடுத்தால்தானே கதை."

ஆனால் அந்த மருந்து பெட்டியின் விளக்கையும் சூரியனையும் பிரித்து அறியாது. பெட்டிக்குள் இத்தனை நிமிடம் என்று அளவு உண்டு. வெயிலுக்கு அளவில்லை. குளிசை போட்ட நாள் முழுவதும் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும், ஜன்னல் வெளிச்சம்கூட ஆகாது. ஆகவே நீளக் கைச்சட்டை, கறுப்புக் கண்ணாடி, குடை. தோல் பலமாக வெந்தால் வைத்தியத்தை நிறுத்த வேண்டி வரும், நிறுத்தினால் நோய்க்கு வழி திறந்துவிடும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார்.

கிழமைக்கு இரண்டு நாள் அக்கா விடியவெள்ளனவே கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து, மதுராவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். குளிசைப் போத்தல் அக்காவின் கைப்பையில்தான் இருக்கும். வீட்டில் குளிசை கொடுக்க விடமாட்டார். வழியில் எத்தனை இடத்தில் மறிப்பார்கள், எவ்வளவு நேரம் இறக்கி வைத்திருப்பார்கள் என்று எவருக்கும் தெரியாத காலம் அது. ஆகவே எல்லாச் சோதனைச் சாவடிகளையும் தாண்டி, ஆஸ்பத்திரிக்குள் போய், கன்டீனில் ஒரு முட்டைப் பணிஸ் வாங்கிக் கொடுத்து, அதோடுதான் குளிசை. பிறகு வெளிச்சமில்லாத ஒரு நடையில் வாங்கில் அமர்ந்து இரண்டு மணித்தியாலம் இருவரும் காத்திருப்பார்கள்.

"அங்கால லைன் கிளியர் எண்டு தெரியாமல் நான் ஒருநாளும் இங்கால கனெக்சன் குடுத்ததில்லை" என்பார்.

முதல் நாள் அந்தப் பெட்டிக்குள் போக மதுரா மறுத்துவிட்டாள். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும் என்று அழுதாள். விளக்கறைக்குப் பொறுப்பான தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்பார்கள், சிங்களப் பெண், நல்ல மனுசி. அவரும் சொல்லிப் பார்த்தார். அக்கா பெட்டிக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்துகொண்டு, தன் பழைய எக்சேஞ்ச் குரலில், "ஹலோ, கொழும்பு. பெட்டிக்குள்ள இருக்கிற பிள்ளை கதைக்கிறீங்களோ?" என்றார். மதுரா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்த விட்டாள். சற்றுப் பொறுத்து, "ஒரு நிமிசம் முடிஞ்சுது, தொடருறீங்களோ?" என்றார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஓம் மாமி, தொடருங்கோ." அன்று முதல் ஒவ்வொரு முறையும் அதே நாடகம்தான். சில மாதங்களில் மிஸ்ஸியும் தமிழில் "தொடருறீங்களோ" என்று கேட்கப் பழகிவிட்டார்.

முதுகிலிருந்த திட்டுக்களின் ஓரம் மெல்ல மெல்ல நிறம் பிடித்தது. அக்கா ஒவ்வொரு மாதமும் ஒரு மெல்லிய தாளை வைத்துத் திட்டின் அளவைப் பென்சிலால் வரைந்து வைத்தார். தாளுக்குத் தாள் அது சிறுத்து வந்தது.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

அதற்கு முதல் நாள் மாலை அக்காவுக்குக் கடுமையான காய்ச்சல். அன்றைய குளிசைகளை மட்டும் ஒரு கடதாசியில் சுற்றி, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் தொலைபேசியில் சொன்னார். "தம்பி, ஒரு நாளைக்கு விட்டாலும் பரவாயில்லை. கூட்டிக்கொண்டு போறதெண்டால், உள்ளுக்குப் போனாப் பிறகு குடு."

"ஓம் அக்கா, ஓம்" என்றேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு மதுராவுக்குப் பள்ளிக்கூடத்தில் கணிதச் சோதனை. வைத்தியத்துக்காக அவள் எத்தனையோ பாடங்களைத் தவறவிட்டிருந்தாள். அந்த வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பின்னும் சோதனையில் எத்தனை புள்ளி என்று கேட்கும் தகப்பன் நான். ஆஸ்பத்திரி வாங்கில் போகும் அந்த இரண்டு மணித்தியாலம் எனக்கு எப்போதும் வீணாகவே பட்டது. வீட்டிலேயே குளிசை கொடுத்தால், பஸ் ஓடும் நேரத்திலேயே அது கழிந்துவிடும். ஒன்பது பத்துக்கு விளக்கு. பத்தரைக்குப் பள்ளிக்கூடம். அதனால்தான் ஏழு பத்துக்குக் கொடுத்தேன்.

கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்தார்கள். அதற்கு முதல் நாள் நகரில் எங்கோ ஒரு தற்கொலைக் குண்டு வெடித்திருந்தது. அடையாள அட்டையைப் பார்த்துத் தமிழர்களை மட்டும் இறக்கி, கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு வெறும் காணிக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது பேர்வரை இருப்போம். சுற்றிவரக் கயிறு. ஒரு மரமில்லை. காணியின் ஓரத்தில் ஒரு கட்டடத்தின் விறாந்தை இருந்தது. அதில்தான் சார்ஜன்ட் மேசை போட்டு ஒவ்வொருவராகப் பதிந்துகொண்டிருந்தார். மணி எட்டு. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. குடை எப்போதும் அக்காவோடுதான் வரும், நான் எடுத்து வரவில்லை.

நான் காவலுக்கு நின்ற இளம் பொலிஸ்காரரிடம் போனேன். வேலை பார்க்கும் கந்தோரில் பழகிய சிங்களம் எனக்குப் போதிய அளவு வரும். ஆனால் பதற்றத்தில் எனக்கு வாய்த்தது இதுதான்: "ராலஹாமி, இந்தப் பிள்ளை ஒன்று விழுங்கியிருக்கிறாள். ஒன்பது பத்துக்கு அது வேலை செய்யத் தொடங்கும். அதற்குள் இவளை இங்கிருந்து எடுக்க வேண்டும்."

எழுதும்போதே உடம்பு கூசுகிறது. அந்தக் காலத்தில், அந்த நகரத்தில், கறுப்புக் கண்ணாடியும் வெக்கையில் நீளக் கைச்சட்டையும் போட்ட ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையைக் காட்டி ஒரு தகப்பன் சொல்லக்கூடிய வார்த்தைகளா அவை? பொலிஸ்காரர் இரண்டடி பின்னால் பாய்ந்து துவக்கை எடுத்தார். பக்கத்தில் நின்ற எங்கள் சனங்களே விலகி ஓடினார்கள். "இல்லை, இல்லை, மருந்து, மருந்து" என்று நான் கத்தக் கத்த அவருடைய முகம் இன்னும் வெளிறியது. மதுராவைக் காணியின் நட்டநடுவில் தனியே நிற்கச் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். கையை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டி வைக்கச் சொன்னார்கள். என்னைக் கயிற்றோரம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

நிழலுக்குள் எடுக்கத்தான் கேட்டேன். என் வார்த்தையால் அவளை நடு வெயிலில் நிறுத்திவிட்டேன்.

கண்ணை இறுக மூடி, தலைமயிர் முகத்தை மறைக்கும்படி குனிந்து நின்றாள். சற்று நேரத்தில் கூப்பிட்டாள். "அப்பா, கை சுடுது."

பிறகு, "அப்பா, நேரம் என்ன?" என்றாள்.

எட்டரை என்று பொய் சொன்னேன். எட்டு நாற்பது ஆகியிருந்தது.

இதற்குப் பிறகு அங்கே வந்தவர் யார் என்று எழுதிவிட்டால் அதன் பிறகு என்னால் ஒன்றும் எழுத முடியாது. ஆகவே சொல்ல வேண்டிய மற்ற எல்லாவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று மதுராவின் கைகளின் மேற்புறமும் கழுத்தும் சிவந்து கொப்பளித்தன. டொக்டர் மூன்று கிழமை வைத்தியத்தை நிறுத்தினார், ஆனால் கைவிடவில்லை. அந்த மூன்று கிழமையும் அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாவது கிழமை போத்தலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "பிள்ளை, வா, லைன் திரும்ப வந்திட்டுது" என்று கூட்டிப் போனார். அடுத்த வருடம் அந்த மெல்லிய தாளில் வரைவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. டொக்டர் "சுகமாகிவிட்டது" என்ற சொல்லைப் பாவிப்பதில்லை. "இப்போது ஒன்றும் தெரியவில்லை, வருடா வருடம் வந்து காட்டுங்கள்" என்கிறார். ஒவ்வொரு வருடமும் அவர் அதையே சொல்கிறார். எங்களுக்கு அது போதும். அந்தக் கணிதச் சோதனையை அவள் எழுதவேயில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவுமில்லை. இன்று நுகேகொடையில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறாள். நான் இன்னமும் பின்னேரம் ஆறு மணிக்கு வாசற் படலையில் அவளுக்காக நிற்கிறேன்.

அக்காவுக்கு முடிவு திடீரென்று வந்தது. காலையில் உடுப்புக் காயப்போடும்போது பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். பேச்சுத் தெளிவில்லை. இரண்டாம் நாள் என் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். நேரம் கேட்கிறார் என்று விளங்கியது. சொன்னேன். சரி என்று தலையசைத்தார்.

செத்தவீட்டன்று, வழக்கப்படி பெண்கள் ஒழுங்கை முனைவரைதான் போனார்கள். உச்சி வெயில். யாரோ மதுராவுக்குக் குடை நீட்டினார்கள். "வேண்டாம், எனக்கு ஒண்டும் செய்யாது" என்று சொல்லி, வண்டி கண்ணுக்கு மறையும்வரை வெறுந்தலையோடு அந்த வெயிலில் நின்றாளாம். என் மனைவி சொன்னாள். அக்காவுக்கு நாங்கள் செய்த கிரியைகளில் அதையும் ஒன்றாக நான் வைத்திருக்கிறேன்.

அக்காவைப் படியால் தூக்கி இறக்கிய கொட்டாஞ்சேனை அயலவர்களுக்கும், முதல் ஆளாக ஓடி வந்து மூன்று நாளும் தேநீர் ஊற்றிய கீழ்வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும், மருந்து இங்கே கிடைக்காத மாதங்களில் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிய என் நண்பருக்கும், தோல் டொக்டருக்கும், விடுமுறை போட்டு வந்து தலைமாட்டில் இருந்த விளக்கறை மிஸ்ஸிக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு கைகூப்புகிறது. யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருப்பதால் அளவெட்டியிலிருந்து வரமுடியாமற் போன உறவுகளே, உங்கள் குரலை அக்கா எத்தனையோ வருடங்கள் மற்றவர்களுக்கு இணைத்துக் கொடுத்தவர். நீங்கள் வராததை அவர் பிழையாக எடுக்கமாட்டார்.

இனி மிச்சத்தைச் சொல்கிறேன்.

அன்று காலை ஏழு நாற்பதுக்கு அக்கா எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். நாங்கள் புறப்பட்டுவிட்டோம் என்று என் மனைவி சொன்னாள். "குளிசை?" என்று கேட்டார். "ஏழு பத்துக்குக் குடுத்தவர், மச்சாள்." அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். காய்ச்சலோடு, வீட்டில் உடுத்திருந்த சீலையோடு, போத்தலையும் குடையையும் எடுத்துக்கொண்டு ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்து, எங்கள் பஸ் வரும் பாதையிலேயே எதிராக வந்திருக்கிறார், எங்கே மறித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே.

எட்டு ஐம்பதுக்கு அவர் கயிற்றைக் கையால் தூக்கிக் குனிந்து உள்ளே வந்ததை நான் கண்டேன். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. நேரே காணியின் நடுவுக்கு நடந்தார்.

"நில்லு! போகாதே! அவள் எதையோ விழுங்கியிருக்கிறாள்!" என்று இளம் பொலிஸ்காரர் சிங்களத்தில் கத்தினார்.

அக்கா நிற்கவில்லை. முதலில் மதுராவின் தலைக்கு மேல் குடையை விரித்தார். "மாமி வந்திட்டன். கையை என்ரை சீலைக்குள்ள வை" என்றார். பிறகுதான் திரும்பினார். எக்சேஞ்சில் கேட்ட அதே குரல். நிதானமான சிங்களம்.

"மகன், நீ பயந்துபோனாய் எண்டு உன்ரை குரலிலேயே தெரியுது. நானும் பயந்துதான் வந்தனான். இவளுக்குத் தோலில வருத்தம். விழுங்கினது அதுக்கு மருந்து."

"மருந்து எண்டதுக்கு என்ன சாட்சி?"

அக்கா கைப்பையிலிருந்து போத்தலை எடுத்தார். ஒரு குளிசையை உள்ளங்கையில் தட்டி, அவருக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டி, வாயில் போட்டுத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். டொக்டருக்குக் காட்டுவதுபோல வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார். விறாந்தையில் இருந்த சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு எழும்பினார்.

அக்கா அவரைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தக் குளிசை போட்ட ஆள் வெயிலில நிக்கக்கூடாது. இப்ப நாங்கள் ரெண்டு பேர் போட்டிருக்கிறம். எங்களுக்கு நிழல் எங்கை?"